குறுநாடுகளின் நாணயங்களையும் அஞ்சல்தலைகளையும் சேகரிக்கும் முறை

2020ஆம் ஆண்டு விநாயகர் சதுர்த்தியன்று நித்யானந்தா தம்முடைய ‘கைலாசா’வுக்கென நாணயங்களை அறிவித்த பிறகு, எந்த அரசும் ஏற்காத இத்தகைய ‘குறுநாடு’ ஒன்றின் நாணயத்தையும் அஞ்சல்தலையையும் சேகரிக்கலாமா என்று சென்னையில் என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். தாராளமாகச் சேகரிக்கலாம். ஆனால் பணம் கொடுக்குமுன் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளும் பழக்கம் வேண்டும்: இந்த நாணயம் எங்கேனும் கைமாறியதா, இந்தத் தலை ஏதேனும் ஒரு கடிதத்தைச் சுமந்ததா? விற்பனைக்கென்றே அச்சாகி நேராக ஆல்பத்துக்குள் போன பத்துப் புதுத் தாள்களைவிட, முத்திரை விழுந்த ஒற்றை உறையையே நான் தேர்ந்தெடுப்பேன்.

தொடங்குவதற்கு ஏற்ற இடம், இங்கிலாந்தின் மேற்கே பிரிஸ்டல் கால்வாயிலுள்ள லண்டி தீவு. அதன் உரிமையாளர் மார்ட்டின் கோல்ஸ் ஹார்மன், 1929இல் ஒரு பஃபின், அரை பஃபின் என்ற இரண்டு வெண்கல நாணயங்களை வகைக்கு 50,000 வீதம் அடித்து வெளியிட்டார். ஒரு பக்கம் அவருடைய முகமும், மறுபக்கம் பஃபின் என்ற கடற்பறவையும் இருக்கும். 1870ஆம் ஆண்டின் நாணயச் சட்டத்தை மீறியதாக வழக்குத் தொடரப்பட்டு, 1931இல் அவருக்கு 5 பவுண்டு அபராதமும் வழக்குச் செலவும் விதிக்கப்பட்டன; நாணயங்கள் புழக்கத்திலிருந்து போயின. அஞ்சல்தலையோ நிலைத்தது. பிரிட்டிஷ் அஞ்சல் துறை 1927இன் இறுதியில் தீவை விட்டு விலகியதால், கடிதங்களைத் தீவிலிருந்து கரைக்குக் கொண்டுசேர்க்கும் கட்டணமாக 1929 நவம்பரில் லண்டியின் தலைகள் வந்தன. கரையிலிருந்து அப்பால் செல்லப் பிரிட்டிஷ் தலையும் வேண்டியிருந்தது, லண்டித் தலையை உறையின் பின்புறத்தில்தான் ஒட்ட வேண்டியிருந்தது. ஆகவே பழைய லண்டி உறை கைக்கு வந்தால் இரு பக்கங்களையும் பார்த்து, இரண்டு முத்திரைகளின் தேதிகளும் பொருந்துகின்றனவா என்று சரிபார்க்க வேண்டும். 1965 என்று பொறிக்கப்பட்ட பஃபின் நாணயங்கள் பிற்காலத்தில் சேகரிப்பாளர்களுக்காக அடிக்கப்பட்டவை. அவற்றுக்கு 1929ஆம் ஆண்டு நாணயத்துக்குரிய விலையைக் கொடுத்துவிடக் கூடாது.

மேற்கு ஆஸ்திரேலியாவில் கோதுமை விற்பனைக்கு விதிக்கப்பட்ட அளவுக் கட்டுப்பாட்டை எதிர்த்து லியனார்ட் காஸ்லி என்ற விவசாயி 1970இல் பிரிந்துபோவதாக அறிவித்த ஹட் ரிவர், 2020 ஆகஸ்டில் கலைக்கப்படும்வரை ஐம்பது ஆண்டுகள் நீடித்தது. அதன் நாணயங்களும் தலைகளும் ஏராளமாகக் கிடைப்பதால் புதியவர்கள் குறைந்த செலவில் பழகிக்கொள்ளலாம். இதற்கு நேர்மாறானது, பசிபிக்கின் பவளத்திட்டுகளில் தனிநாடாக அறிவிக்கப்பட்ட மினர்வா. அந்தப் பவளத்திட்டுகளை 1972இலேயே டோங்கா தனதாக்கிக்கொண்டது, 35 டாலர் வெள்ளி நாணயத்திலோ 1973 என்ற ஆண்டு பொறிக்கப்பட்டிருக்கிறது. அழகான நாணயம்தான், ஆனால் அது ஒருநாளும் பணமாக இருந்ததில்லை என்று தெரிந்தே வாங்க வேண்டும்.

உலக நாணயப் பட்டியல்கள் அரசு நாணயங்களுக்கு கேஎம் எண்ணையும், இத்தகையவற்றுக்கு எக்ஸ் எண்ணையும் இடுகின்றன. விற்பவர் எக்ஸ் எண்ணைச் சொன்னால் பொருள் எந்த வகை என்பது உடனே விளங்கும். அஞ்சல்தலையில் இவற்றுக்கு ‘சிண்ட்ரெல்லா’ என்று பெயர், முதன்மைப் பட்டியல்களில் பெரும்பாலும் இடமிராது. உண்மையான நாடுகளின் பெயரில் அந்நாட்டின் அனுமதியின்றி அச்சடித்தவை வேறு. அவை போலிகள், உலக அஞ்சல் ஒன்றியம் அவற்றைப் பற்றி உறுப்பு நாடுகளுக்குச் சுற்றறிக்கை அனுப்புகிறது. இரண்டையும் ஒரே பக்கத்தில் கலந்து வைப்பதை நான் ஏற்பதில்லை.

வெள்ளி என்று விற்கப்படும் நாணயத்தை வீட்டிலேயே சோதிக்கலாம். நூறில் ஒரு கிராம் வரை காட்டும் தராசில் நாணயத்தை நிறுத்தபின், ஒரு தம்ளர் நீரைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி, அடியையோ பக்கத்தையோ தொடாமல் நீரில் முழுவதும் மூழ்கவிட வேண்டும். முதல் எடையைத் தராசு இப்போது காட்டும் எண்ணால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். 925 வெள்ளிக்கு (ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி) ஏறத்தாழ 10.4, செப்பு நிக்கலுக்கு 8.9. கண்ணாடிபோல் மின்னும் ப்ரூஃப் நாணயத்தை மட்டும் நீரில் இறக்கக் கூடாது. அதைச் சௌகார்பேட்டையில் எக்ஸ்ரே சோதனைக் கருவி வைத்திருக்கும் கடையில் கொடுத்துப் பார்க்கலாம்.

அண்ணா சாலைத் தலைமை அஞ்சலகத்தின் அஞ்சல்தலைப் பிரிவில் நமது அஞ்சல் துறையின் வெளியீடுகள்தாம் கிடைக்கும். குறுநாட்டுப் பொருள்களுக்குத் தென்னிந்திய அஞ்சல்தலைச் சேகரிப்பாளர் சங்கம், மெட்ராஸ் நாணயச் சங்கம் போன்றவற்றின் உறுப்பினர்களிடம் கேட்பதே நல்ல வழி. பழைய சேகரிப்புகள் கைமாறும்போது இவை இடையில் வந்து சேரும். வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதானால், குறிப்பாகத் தங்கமும் வெள்ளியும் என்றால், சுங்க விதிகளை விசாரித்துக்கொண்டு பிறகு பணம் அனுப்ப வேண்டும்.

பாதுகாப்பில் சென்னையின் ஈரக்காற்றுதான் பெரிய எதிரி. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் திறந்து பார்த்தபோது, பசையோடு வைத்திருந்த என்னுடைய ஹட் ரிவர் தாள் ஒன்று ஆல்பத்தோடு ஒட்டிப்போயிருந்தது. அதைப் பிரிக்க முடியவில்லை. அன்றுமுதல் தலைகளுக்கிடையே கிளாசின் என்னும் மெல்லிய வழுவழுப்பான தாளும், காற்றுப்புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல்லும் வைக்கிறேன், பெட்டியை வெளிச்சுவரை ஒட்டி வைப்பதில்லை. நாணயத்துக்கு பிவிசி உறை வேண்டாம், பச்சைப் பிசுக்கு படியும். பாலியெஸ்டர் உறை போதும். ரப்பர் பேண்டிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். குத்துவிளக்கைத் துலக்குவதுபோலப் புளியோ விபூதியோ போட்டுத் தேய்த்தால் நாணயத்தின் மேற்பரப்பு அழிந்துவிடும், அதோடு மதிப்பும் போய்விடும்.

குறுநாட்டுத் தலைகளை மட்டும் ஒட்டிக் கடிதத்தை அனுப்பினால் அது தலை ஒட்டாத கடிதமாகவே கருதப்பட்டு, பெறுபவரிடம் குறைகட்டணம் இருமடங்காக வசூலிக்கப்படும். நினைவு உறை செய்ய விரும்புகிறவர்கள் முன்புறத்தில் உரிய இந்தியத் தலையை ஒட்டிவிட்டு, குறுநாட்டுத் தலையை லண்டிக்காரர்களைப்போல உறையின் பின்புறத்தில் ஒட்டலாம்.