புதிதாக வந்தவர்களோடு ஒரு தோட்டம்: ரொறன்ரோவில் தொடங்குவது எப்படி?

கனடாவுக்குப் புதிதாக வந்த ஒருவருக்கு நாம் வழக்கமாகக் குளிர்ச்சட்டை வாங்கிக் கொடுப்போம், படிவம் நிரப்பிக் கொடுப்போம், எந்தப் பஸ் எங்கே போகும் என்று காட்டுவோம். எல்லாம் தேவைதான். ஆனால் இதிலெல்லாம் அவர் உதவி வாங்குகிறவராகவே இருக்கிறார். தோட்டத்தில் அது மாறிவிடும். கிளிநொச்சியில் மிளகாய் போட்டு விற்றவரும் சிரியாவில் கத்தரி வளர்த்தவரும் இருபது வருடமாக இங்கே இருக்கும் நமக்குச் சொல்லித்தருவார்கள். ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் 1990களின் நடுவில், பொஸ்னியப் போரிலிருந்து தப்பி வந்த பெண்களிடம் இங்கே எது இல்லாதது உங்களுக்குப் பெரிய குறை என்று கேட்டபோது, தோட்டம் என்றார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் அங்குள்ள பல்நாட்டுத் தோட்டம், பிறகு மற்ற நகரங்களிலும் அப்படியே தொடங்கினார்கள்.

சரி, ரொறன்ரோவின் கிழக்கிலுள்ள ஸ்காபரோ மாதிரி ஒரு இடத்தில் இதை எப்படிச் செய்வது?

1. முதலில் ஆட்கள், பிறகுதான் நிலம்

பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பாத்தியெல்லாம் கட்டி முடித்தபின் வந்து நடுங்கள் என்று கூப்பிட்டால் வருகிறவர் விருந்தாளியாகவே நிற்பார். குளிர்காலத்திலேயே புதிதாக வந்தவர்களுக்கான லிங்க் (LINC) ஆங்கில வகுப்புகள், நூலகம், கோயில், பள்ளிவாசல், தேவாலயம், தொடர்மாடிக் கட்டடங்களின் கீழ்த்தளம் என்று போய் ஏழெட்டுக் குடும்பங்களைச் சேருங்கள், ஒரே நாட்டுக்காரராக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். என்ன நடலாம் என்று அவர்களையே கேளுங்கள். பெயரும் தொலைபேசி எண்ணும் போதும், விசா நிலையைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்க வேண்டாம். அகதிக் கோரிக்கை முடிவாகாமல் காத்திருக்கிறவர்கள் அந்த ஒரு கேள்வியிலேயே திரும்பிப் போய்விடுவார்கள்.

2. இடம்

மாநகரசபையின் தனிப்பட்ட தோட்டத் துண்டுகளுக்குக் காத்திருப்போர் பட்டியல் உண்டு, விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு வேறு வழியும் பாருங்கள். தேவாலய வளவு, தொடர்மாடி நிர்வாகத்தின் புல்தரை, சமூக நிலையத்தின் பின்பக்கம் எல்லாம் கேட்டுப் பார்க்கலாம். உயர் மின்கம்பிகளுக்குக் கீழுள்ள நிலத்திலும் ரொறன்ரோவில் விளைச்சல் நடக்கிறது, ஆனால் அந்த அனுமதிக்கு நாள் எடுக்கும். எங்கே போனாலும் மூன்றைப் பாருங்கள்: நாளுக்கு ஆறு மணி நேரமாவது வெயில், பக்கத்தில் தண்ணீர்க்குழாய், பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு ஒரு தாய் பஸ்ஸில் வந்து சேரக்கூடிய தூரம். குழாய் இல்லாத இடத்தை இலவசமாகத் தந்தாலும் எடுக்காதீர்கள்.

3. மண்

பழைய கட்டடங்களின் ஓரத்திலும் பெருந்தெருக்கரையிலும் மண்ணில் ஈயம் கலந்திருக்கலாம், முன்பு அங்கே என்ன இருந்தது என்று கேளுங்கள். சந்தேகம் என்றால் பரிசோதிக்கக் கொடுங்கள், இல்லாவிட்டால் அடியில் துணி விரித்து மேட்டுப் பாத்தி கட்டுங்கள். 4 அடி அகலம், 8 அடி நீளம், 10 அங்குல ஆழம் உள்ள ஒரு பாத்திக்கு ஏறக்குறைய ஒரு கன யார் மண் வேண்டும். அகலம் 4 அடியைத் தாண்டினால் நடுவுக்குக் கை எட்டாது. பழைய ரயில் சிலிப்பர் கட்டைகள் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம், அவற்றில் ஊறிய எண்ணெய் சாப்பாட்டுப் பயிருக்கு ஆகாது. முதியவர்களுக்காக இடுப்புயரத்தில் ஒரு பாத்தியாவது கட்டுங்கள். அம்மம்மா ஒருவர் தினமும் வந்தால் அவரோடு பேரப்பிள்ளைகளும் வருவார்கள்.

4. எப்போது நடுவது

ஊர்க் கணக்கு இங்கே சரிவராது, புதிதாக வந்தவர்கள் மனம் உடைவது பெரும்பாலும் இங்கேதான். ஏப்ரலில் வெயில் அடிக்கிறதே என்று நட்டுவிட்டு மே மாத உறைபனியில் எல்லாவற்றையும் இழப்பார்கள். மே பிற்பகுதியில் வரும் விக்டோரியா தின நீண்ட வார இறுதிவரை தக்காளி, மிளகாய், கத்தரியை வெளியே வைக்க வேண்டாம். வெண்டிக்கும் பாவலுக்கும் ஜூன் தொடக்கம்தான் நல்லது, மண் சூடாக வேண்டும். மிளகாய் விதையை மார்ச் தொடக்கத்திலும் தக்காளியை ஏப்ரல் தொடக்கத்திலும் வீட்டுக்குள் போடுங்கள். வெண்டி விதையை இரவு ஊறவையுங்கள், வேரைக் கலைத்தால் அதற்குப் பிடிக்காது. நாற்றுகளை நடுமுன் ஒரு கிழமை பகலில் வெளியே வைத்து இரவில் உள்ளே எடுங்கள். வெந்தயமும் கொத்தமல்லியும் குளிரைத் தாங்கும், மே தொடக்கத்திலேயே தூவலாம். ஊரிலிருந்து விதையைப் பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டுவரச் சொல்லாதீர்கள், எல்லையில் சிக்கலாகும்.

முதல் வருடம் முளைக்கீரையை நிறையப் போடுங்கள் என்பேன். ஜூனில் விதைத்தால் ஐந்தாறு கிழமையில் பறிக்கலாம், ஜமேக்காக்காரர் கலாலூ சமைப்பதும் இதே குடும்பத்துக் கீரைதான், ஆகவே இரண்டு வீட்டாரும் ஒரே பாத்தியில் வந்து நிற்பார்கள். ஆப்கான்காரர் கந்தனாவும் (லீக்ஸ் மாதிரி ஒரு செடி) சிரியாக்காரர் முலூக்கியாவும் (சணல் இனக் கீரை) கேட்டால் இடம் ஒதுக்குங்கள்.

5. தனிப் பாத்தி பாதி, பொதுப் பாத்தி பாதி

எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு. எல்லாருக்கும் தனித்தனியாகப் பங்கு பிரித்துவிட்டால் அவரவர் வந்து தண்ணீர் ஊற்றிவிட்டுப் போய்விடுவார்கள், தோட்டம் இருக்கும், உறவு இருக்காது. எல்லாமே பொது என்றாலும் சரிவராது, இந்தச் செடி என்னுடையது என்று சொல்ல ஒன்று வேண்டும். ஆகவே இரண்டும் வையுங்கள். தண்ணீர் ஊற்றும் முறையை எப்போதும் இரண்டு வீட்டுக்குச் சேர்த்துக் கொடுங்கள், ஒரே மொழி பேசாத இரண்டு வீடாக இருந்தால் இன்னும் நல்லது. தொழிற்சாலையில் இரவு வேலை செய்கிறவர்களுக்குக் காலை முறை, மற்றவர்களுக்குப் பின்னேரம். அட்டவணையை எழுத்தில்லாமல் படமாக ஒட்டுங்கள், வட்ஸ்அப் குழுவில் குரல்பதிவு போதும். ஒரு மேசை, நான்கு கதிரை, தேநீர்ப் போத்தல் கட்டாயம். வேலை தேடுவது, நல்ல வைத்தியர், பள்ளிக்கூடப் பதிவு எல்லாம் அந்த மேசையில்தான் பேசப்படும். யாரை எந்த வேலைக்குப் பொறுப்பாக்கலாம் என்று பார்த்துக்கொண்டே இருங்கள், பந்தல் கட்டத் தெரிந்தவரை எல்லாருக்கும் சொல்லித்தரக் கேளுங்கள்.

6. ஒக்டோபருக்குப் பிறகு

உறைபனி வந்ததும் தோட்டத்தோடு ஆட்களும் கலைந்துவிடக் கூடாது, புதிதாக வந்தவர்களுக்குக் குளிர்காலம்தான் மிகவும் தனிமையான காலம். ஒக்டோபரில் எல்லாருமாகச் சேர்ந்து உள்ளி நடுங்கள், பனிக்குக் கீழே கிடந்து அடுத்த ஜூலையில் கிண்டலாம். காய்ந்த வெண்டி, பயற்றை விதைகளைக் கடதாசி உறையில் போட்டுப் பெயரும் வருடமும் எழுதி வையுங்கள். பெப்ரவரியில் ஒரு விதை பரிமாற்றம் வையுங்கள், சமையலோடு. அதற்கு அறை வேண்டுமென்றால் முன்கூட்டியே பதியுங்கள், மார்ச் வந்தால் மிளகாய் விதை மண்ணுக்குள் போக வேண்டும்.