தைராய்டு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் நாலு மணி நேரம்

பலதுறை மருந்தகத்தில் கொடுத்த மாத்திரை, கடையில் வாங்கிய கால்சியம், இரும்புச்சத்து எல்லாவற்றையும் உள்ளங்கையில் கொட்டிப் பசியாறும்போது ஒரே மடக்காக விழுங்குவது பலரின் வழக்கம். கால்சியம், இரும்பு, மெக்னீசியம், துத்தநாகம் ஆகியவை சில மருந்துகளோடு வயிற்றிலேயே ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது குடல் வழியே ரத்தத்தில் சேராமல் வெளியேறிவிடும்.

அதிகம் அடிபடுவது தைராய்டு மாத்திரையான லெவோதைராக்சின். காலை 6 மணிக்கு வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் போடுங்கள். பசியாற அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகட்டும். கோப்பி ஓ-வில் பால் இல்லையே என்று அதற்குள் குடிக்காதீர்கள். காப்பியே மருந்தைத் தடுக்கும். சோயா பாலும் அப்படித்தான். இரும்புக்கும் கால்சியத்துக்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும். அதனால் இரும்பு 11 மணிக்கு, கால்சியம் இரவுச் சாப்பாட்டோடு. இரும்பும் கால்சியமும் ஒன்றையொன்று தடுப்பதால் அவற்றுக்குள்ளும் 2 மணி நேரமாவது விடுங்கள். இரும்பு போட்ட கையோடு தே தாரிக் வேண்டாம், தேயிலை இரும்பைக் கட்டிவிடும். இரவு வேலைக்காரர்கள் கடிகாரத்தைப் பார்க்காமல் எழுந்த நேரத்திலிருந்து கணக்கிடலாம்.

இடைவெளி விடாவிட்டால் சிக்கல் சுற்றி வளைத்து வரும். தைராய்டு மருந்து போதவில்லை என்றால் ஏறும் டிஎஸ்எச், ரத்தப் பரிசோதனையில் ஏறியிருக்கும், மருத்துவர் மாத்திரை அளவைக் கூட்டுவார். பிறகு என்றாவது கால்சியத்தை நிறுத்தினால், கூட்டிய அளவு முழுதாக உடலில் சேர்ந்து நெஞ்சு படபடக்கும். ஆகவே கால்சியம் தொடங்கினாலும் நிறுத்தினாலும் நேரத்தை மாற்றினாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கால்சியம் டப்பாவில் 1250 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட் என்று இருந்தால் உள்ளே கால்சியம் 500 மில்லிகிராம்தான். ஒரு வேளைக்கு அதுவே போதும். அதற்கு மேல் போட்டால் உடல் சரியாக எடுக்காது. கார்பனேட் கரைய வயிற்று அமிலம் வேண்டும், அதனால் சாப்பாட்டோடு போடுங்கள். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் சாப்பிடுபவர்கள் கால்சியம் சிட்ரேட் வகையைப் பற்றி மருந்தாளரிடம் கேட்கலாம்.

கிருமிக்கொல்லி மருந்தான சிப்ரோஃப்ளாக்சசின் கொடுத்தால் கணக்கு கடுமை. கனிமத்துக்கு 2 மணி நேரம் முன்னாலோ 6 மணி நேரம் பின்னாலோ அதைப் போட வேண்டும். காலை 8, இரவு 8 என்று போட்டால் பகலில் கால்சியத்துக்குக் கிடைப்பது காலை 10 முதல் பிற்பகல் 2 வரை மட்டுமே. அந்தச் சில நாளுக்குக் கால்சியத்தையே நிறுத்தலாமா என்று கேட்பதுதான் சுலபம். நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் அமிலமுறிவு மருந்து, தண்ணீரில் பொங்கும் மல்டிவைட்டமின் ஆகியவற்றிலும் இதே கனிமங்கள் இருக்கும். அவற்றை யாரும் மாத்திரைக் கணக்கில் சேர்ப்பதில்லை!

எலும்புக்கு வாரம் ஒருமுறை போடும் அலென்ட்ரோனேட்டை எழுந்ததும் ஒரு குவளை வெறும் தண்ணீரில் விழுங்கி, அரை மணி நேரம் எதுவும் சாப்பிடாமல், படுக்காமல் இருங்கள். அன்றைய கால்சியம் பிறகு.

பொட்டாசியம் மட்டும் வேறு கதை. லோசார்டன், எனலாப்ரில் போன்ற ரத்த அழுத்த மருந்து சாப்பிடுபவர்களுக்கு அது ரத்தத்தில் தேங்கி இதயத் துடிப்பைக் கெடுக்கலாம். எத்தனை மணி நேரம் தள்ளிப் போட்டாலும் பயனில்லை. சோடியம் குறைந்த உப்பு பலவற்றில் இருப்பது பொட்டாசியம் குளோரைடு. வாங்குமுன் பொட்டலத்தைத் திருப்பிப் படியுங்கள்.