பஹாமாசில் பொதுப்பணத்தைக் கேள்வி கேட்பது எப்படி

தீவு நாடான பஹாமாசில் மதிப்புக் கூட்டு வரி (வாட்) 2015 ஜனவரி 1 அன்று 7.5 சதவீதமாக நடைமுறைக்கு வந்தது. வருமான வரியே இல்லாத அந்நாட்டில் அதுவரை அரசின் பெரிய வருவாய் சுங்க வரிதான். அது பொருளின் விலைக்குள்ளேயே கரைந்திருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. புதிய வரியோ ஒவ்வொரு கடை ரசீதிலும் தனியாக அச்சாகி வந்தது. இரண்டே ஆண்டுகளில் "வாட் பணம் எங்கே போனது?" என்பது நாடு முழுவதும் கேட்கும் கேள்வியாகிவிட்டது. 2017 மே தேர்தலில் ஆளும் கட்சியான பி.எல்.பி. தோற்று, 39 இடங்களில் 35ஐப் பிடித்து எதிர்க்கட்சியான எஃப்.என்.எம். ஆட்சிக்கு வந்தது. வந்த கட்சி 2018 ஜூலையில் அதே வரியை 12 சதவீதமாக உயர்த்தியது; 2021இல் அதுவும் தோற்றது; திரும்பி வந்த பி.எல்.பி. 2022 ஜனவரியில் வரியை 10 சதவீதமாகக் குறைத்தது. ஆட்சி இரண்டு முறை மாறியும் அந்தக் கேள்விக்குப் பைசா சுத்தமான பதில் கிடைக்கவில்லை.

கிடைக்கவும் முடியாது என்பதே என் கருத்து. வரிப்பணம் முழுவதும் அரசின் பொதுக் கணக்கான தொகுப்பு நிதியத்தில் சேர்கிறது. அங்கே சேர்ந்த பிறகு வாட் டாலர், சுங்க டாலர், கடன் வாங்கிய டாலர் என்ற வேறுபாடு இல்லை. "கடனை அடைத்தோம், சம்பளம் கொடுத்தோம், சாலை போட்டோம்" என்று எந்த அமைச்சரும் சொல்லிவிட்டுப் போகலாம். அது பொய்யும் ஆகாது. ஆகவே பொதுச் செலவைப் பற்றிக் கருத்துச் சொல்ல விரும்பும் குடிமகன் முதலில் செய்ய வேண்டியது, தன் கேள்வியைச் சிறிதாக்குவது. ஓர் ஆண்டு, ஒரு துறை, ஒரு தலைப்பு, ஒரு தொகை என்று குறுக்கிக் கேட்டால்தான் பதில் சொல்ல வேண்டியவர் நழுவ முடியாது.

கேள்வி எழுதுவதற்கு முன் நாட்காட்டியைத் தெரிந்துகொள்ள வேண்டும். பஹாமாசின் நிதியாண்டு ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. பிரதமரே நிதி அமைச்சராகவும் இருப்பது அங்கே வழக்கமாகிவிட்டது. அவர் மே மாதக் கடைசியில் வரவுசெலவுத் திட்டத்தை அவையில் வைக்கிறார், ஜூன் முழுவதும் விவாதம் நடக்கிறது. பிப்ரவரி வாக்கில் அரையாண்டு அறிக்கை வருகிறது. இடையில் மாதாந்திர, காலாண்டு வரவுசெலவு அறிக்கைகளை நிதி அமைச்சகம் வெளியிடுகிறது. பொதுமக்களின் கோபம் மே மாதத்தில் பொங்கி ஜூலையில் அடங்கிவிடுவதைப் பார்க்கிறேன். ஆனால் மே மாதத்தில் கையில் இருப்பது எதிர்பார்ப்பு மட்டும்தான். 2025 மே மாதத்தில் அறிவிக்கப்பட்ட 7.55 கோடி டாலர் உபரிகூட அன்றைக்கு ஒரு மதிப்பீடுதான். நிஜமாகச் செலவானது என்ன என்பது காலாண்டு அறிக்கைகளில்தான் இருக்கிறது. அவற்றை எடுத்துப் படிப்பவர்களோ மிகச் சிலர்.

துறைவாரியாகச் செலவைப் பட்டியலிடும் மதிப்பீட்டுப் புத்தகத்தை நிதி அமைச்சகத்தின் வரவுசெலவுத் திட்ட இணையதளத்திலிருந்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அதன் தடிமனைக் கண்டு மிரள வேண்டாம். நடைமுறைச் செலவு, மூலதனச் செலவு என்று இரு பெரும் பிரிவுகள். ஒவ்வொரு துறைக்கும் ஓர் எண். அதன்கீழ் சம்பளம், வாடகை, பயணம், பராமரிப்பு, மானியம் என்று வரிவரியாகப் பிரிந்து போகும். பிரதமரின் உரையை அப்போதைக்கு ஒதுக்கிவைத்துவிட்டு, உங்களுக்கு நேரடியாகத் தெரிந்த ஒரு துறையின் பக்கத்தை மட்டும் திறந்து, சென்ற ஆண்டு ஒப்புதல் பெற்ற தொகையையும் உண்மையில் செலவானதையும் இந்த ஆண்டு கேட்பதையும் அருகருகே எழுதிப் பாருங்கள். மூலதனப் பிரிவில் ஒரே கட்டடத்தின் பெயர் ஆண்டுக்கு ஆண்டு திரும்பி வந்து, ஒதுக்கீடு இருந்தும் செலவு இல்லாமல் நின்றால், கேள்வி தானாகவே உருவாகிவிடும்.

நான் அதிக நேரம் செலவிடச் சொல்வது மானியம் என்ற தலைப்பில் வரும் தொகைகளில். பஹாமாசேர் விமான நிறுவனம், நீர் மற்றும் கழிவுநீர்க் கழகம் போன்ற அரசு நிறுவனங்களுக்கு ஆண்டுதோறும் பெருந்தொகை போகிறது. புத்தகத்தில் அது ஒரே ஒரு எண்ணாக இருக்கும். அந்த எண்ணுக்குப் பின்னால் நடப்பது அங்கே தெரியாது. நீர்க் கழகத்தை எடுத்துக்கொள்வோம். நியூ பிராவிடன்ஸ் தீவில் நல்ல நிலத்தடி நீர் குறைவு. கடல்நீரிலிருந்து உப்பை நீக்கி எடுத்த நீரைத் தனியாரிடமிருந்து வாங்கித்தான் அத்தீவில் உள்ள தலைநகர் நாசோவின் குழாய்களில் விடுகிறார்கள். 1999க்குப் பிறகு கால் நூற்றாண்டு போல் கட்டணம் உயர்த்தப்படாமலே இருந்தது. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையில் உள்ள பள்ளத்தை அரசு மானியம் நிரப்ப வேண்டும். மானியம் தாமதமானால் கழகம் தனக்கு நீர் விற்பவருக்குப் பாக்கி வைக்கிறது. கழகத்தின் சொந்தத் தணிக்கைக் கணக்குக்காகக் காத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நீர் விற்கும் கன்சாலிடேட்டட் வாட்டர் நிறுவனத்தின் பங்குகள் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் விற்கப்படுகின்றன. தன் பஹாமாஸ் கிளைக்கு நீர்க் கழகம் எவ்வளவு பாக்கி வைத்திருக்கிறது, அதில் எவ்வளவு தவணை கடந்தது என்பதை அது தன் பங்குதாரர்களுக்குக் காலாண்டுதோறும் சொல்லியாக வேண்டியிருக்கிறது. அரசு மெதுவாகச் சொல்லும் செய்தியை, அரசிடம் பணம் வாங்க வேண்டியவர் விரைவாகச் சொல்லிவிடுகிறார். இந்த வழி வேறு இடங்களிலும் உதவும்: கடன் கொடுத்த வளர்ச்சி வங்கிகளின் திட்ட ஆவணங்கள், சர்வதேச நாணய நிதியத்தின் ஆண்டு ஆய்வறிக்கை, மத்திய வங்கியின் காலாண்டுப் பொருளாதார அறிக்கை ஆகிய மூன்றையும் அரசின் எண்ணோடு ஒட்டிவைத்துப் பார்க்கலாம்.

செலவு என்ற பெயரிலேயே வராத செலவும் உண்டு. 2014இல் அரசின் கட்டுப்பாட்டில் உள்ள பேங்க் ஆஃப் தி பஹாமாசின் 10 கோடி டாலர் வாராக்கடன், பஹாமாஸ் ரிசால்வ் என்ற புதிய அரசு நிறுவனத்துக்கு மாற்றப்பட்டது. வங்கியின் ஏடு சுத்தமானது. சுமை பொதுமக்களின் தோளுக்கு வந்தது. இப்படிப்பட்டதை மதிப்பீட்டுப் புத்தகத்தில் தேடினால் அகப்படாது. அரசு உத்தரவாதங்கள் பற்றிய கடன் அறிக்கைகளில் தேட வேண்டும்.

ஒப்பந்தங்களுக்கு வருவோம். 2021ஆம் ஆண்டின் பொதுக் கொள்முதல் சட்டம், வழங்கப்பட்ட ஒப்பந்தங்களை 60 நாட்களுக்குள் வெளியிடச் சொன்னது. 2023இல் அதன் இடத்தில் வேறு சட்டம் வந்தது, வெளியிட வேண்டிய கடமை அதிலும் இருக்கிறது. வேலை யாருக்கு, என்ன தொகைக்கு, ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டதா அல்லது நேரடியாகக் கொடுக்கப்பட்டதா என்ற மூன்றையும் கேளுங்கள். மூன்றாவதுதான் முக்கியமானது. தகவல் சுதந்திரச் சட்டம் 2017இல் நிறைவேறியது. ஆனால் குடிமகன் விண்ணப்பம் போட்டுத் தகவல் பெறும் பகுதி பல ஆண்டுகள் கிடப்பில் கிடந்தது. இரு கட்சிகளுக்கும் இதில் சம பங்கு உண்டு. அதனால் அந்தச் சட்டத்தை மட்டும் நம்பித் திட்டமிட வேண்டாம்.

கேள்வியை எழுதும் முறைக்கு ஒரு கற்பனை உதாரணம் தருகிறேன். எலூதெரா தீவில் ஒரு மருத்துவ நிலையத்தின் கூரை ஒழுகுகிறது, பழுதுபார்க்கப் பணம் ஒதுக்கியதாகச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். "எங்கள் பணத்தை யார் தின்றது?" என்று எழுதாதீர்கள். இப்படி எழுதுங்கள்: "இந்த நிதியாண்டின் மதிப்பீட்டில் இந்த மருத்துவ நிலையத்தின் பழுதுபார்ப்புக்கு இன்ன எண்ணின்கீழ் இன்ன தொகை ஒதுக்கப்பட்டிருக்கிறது. டிசம்பர் 31 வரை இதில் எவ்வளவு செலவானது? ஒப்பந்தம் வழங்கப்பட்டதா? வழங்கப்பட்டிருந்தால் எந்தத் தேதியில், யாருக்கு? வேலை முடியும் நாளாக ஒப்பந்தத்தில் எழுதியிருப்பது எது?" தேதியிட்ட புகைப்படம் ஒன்றையும் சேருங்கள். மரியாதையான இந்த நாலு வரியைத் திட்டுக் கடிதத்தைப் போல் குப்பையில் போட்டுவிட முடியாது.

மரியாதைக்கு வேறொரு காரணமும் இருக்கிறது. பஹாமாஸ் ஏறத்தாழ நான்கு லட்சம் பேரின் நாடு. ஒப்பந்ததாரர் உங்கள் சித்தப்பா மகனாக இருப்பார். அமைச்சரின் செயலாளர் உங்களோடு பள்ளியில் படித்திருப்பார். ஆளைக் குறிவைத்துக் குற்றம் சாட்டினால் அது குடும்பச் சண்டையாகவும் கட்சிச் சண்டையாகவும் மாறிக் காகிதம் மறந்துபோகும். மேலும் அவதூறு அங்கே இன்னும் தண்டனைச் சட்டத்தில் குற்றமாகவே இருக்கிறது. "திருடினார்" என்று எழுதுவதற்கும் "ஒப்பந்தப்புள்ளி கோரியதற்கான பதிவு வெளியிடப்படவில்லை" என்று எழுதுவதற்கும் உள்ள தூரம் பெரியது.

எங்கே அனுப்புவது என்பது நீங்கள் வாழும் தீவைப் பொறுத்தது. நியூ பிராவிடன்சைத் தவிர, குடும்பத் தீவுகள் என்று அழைக்கப்படும் மற்றத் தீவுகளில் 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி மன்றங்களும், அரசு நியமிக்கும் நிர்வாகியும் உண்டு. சிறு பணிகளுக்கு அங்கே தொடங்கலாம். மக்கள்தொகையில் பெரும்பகுதி வாழும் நியூ பிராவிடன்சில் உள்ளாட்சியே இல்லை. தெருக்குழியிலிருந்து தேசியக் கடன் வரை எல்லாவற்றுக்கும் தொகுதி உறுப்பினரையும் அமைச்சகத்தையும்தான் அணுக வேண்டும். உங்கள் கடிதத்தின் ஒரு நகலை அரசின் செலவை ஆராயும், எதிர்க்கட்சி தலைமை வகிக்கும் நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழுவுக்கும் அனுப்புங்கள். அந்தக் குழுவின் அதிகாரம் பற்றி இரு தரப்பும் தத்தம் வசதிப்படி மாற்றி மாற்றி வாதிட்டிருக்கின்றன. இருந்தாலும் கடிதம் பதிவாகும்.

தலைமைத் தணிக்கையாளர் அரசியலமைப்பின் பாதுகாப்புப் பெற்றவர். அவருடைய அறிக்கைகள் நம்பத்தக்கவை, ஆனால் தாமதமாக வருபவை. இன்றைய கேள்விக்கு அவற்றிலிருந்து பதில் கிடைக்காது. ஒரே துறையில் ஒரே குறை எத்தனை முறை சுட்டிக்காட்டப்பட்டது என்பதை நிறுவ அவை போதும். அமைச்சர்களும் அவை உறுப்பினர்களும் ஆண்டுதோறும் மார்ச் 1க்குள் சொத்து விவரம் தர வேண்டும் என்று 1976ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. எவ்வளவு சொத்து என்று துருவுவதை விட, உரிய நாளுக்குள் கொடுத்தவர் யார், கொடுக்காதவர் யார் என்ற பட்டியலை, அந்த விவரங்களைப் பெறும் ஆணையத்திடம் கேட்பது பயன் தரும்.

பிறகு பத்திரிகை. நாசோ கார்டியன், டிரிபியூன் இரண்டிலும் வாசகர் கடிதங்களுக்கு இடமுண்டு. வானொலி உரையாடல் நிகழ்ச்சிகளை அமைச்சர்களும் கேட்கிறார்கள். ஆனால் கடிதத்தை அமைச்சகத்துக்கு அனுப்பி ஒரு மாதமாவது கழித்து, அனுப்பிய தேதியோடு பத்திரிகைக்குக் கொடுங்கள். "இன்ன நாளில் கேட்டேன், இதுவரை பதில் இல்லை" என்ற வாக்கியம் அப்போதுதான் உண்மையாகும். அதற்கும் பதில் வராவிட்டால், அடுத்த காலாண்டு அறிக்கையில் அதே செலவுத் தலைப்பின் புதிய எண்ணைச் சேர்த்து, பிப்ரவரி அரையாண்டு விவாதத்துக்கு முன் அதே கடிதத்தை மறுபடி அனுப்புங்கள்.