ராணுவ வகை பிஸ்டலில் சைட்டுகளை மாற்றுவது எப்படி? தொடக்கநிலையாளர்களுக்கான செய்முறை விளக்கம்

ராணுவப் பயன்பாட்டுக்கென உருவான பிஸ்டல்களின் சைட்டுகள் (குறிபார்க்க உதவும், முன்னும் பின்னும் உள்ள சிறு பாகங்கள்) உறையிலிருந்து உருவும்போது எதிலும் சிக்கக் கூடாது, கீழே விழுந்தாலும் வளையக் கூடாது, ஆயிரக்கணக்கில் ஒரே அளவாகச் செய்ய ஏதுவாக இருக்க வேண்டும் என்ற தேவைகளை முன்வைத்தே வடிவமைக்கப்பட்டன. துல்லியமாகக் குறிபார்க்கும் வசதி அவற்றுக்குப் பின்னால்தான் வந்தது. அமெரிக்க ராணுவம் 1911ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட எம்1911 பிஸ்டலின் முன் சைட், கண்ணுக்குச் சட்டென்று அகப்படாத அளவுக்குச் சிறியது. 1920களில் வந்த எம்1911ஏ1 வடிவத்தில் செய்யப்பட்ட மாற்றங்களுள், முன் சைட்டை அகலப்படுத்தியதும் ஒன்று.

புதிதாகச் சைட் வாங்குவோர் பெரும்பாலும் எது பளிச்சென்று தெரிகிறது என்பதைப் பார்த்தே தேர்ந்தெடுக்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது உயரத்தையும் அகலத்தையும்தான். இரண்டு சைட்டுகளுக்கும் இடையிலான தூரம் 165 மி.மீ. உள்ள ஒரு பிஸ்டலில், முன் சைட்டின் உயரம் 0.1 மி.மீ. மாறினாலே 25 மீட்டர் தொலைவில் குண்டு படும் இடம் ஏறக்குறைய 15 மி.மீ. மாறிவிடும். ஆகவே அளந்து, கணக்கிட்டு, அதன் பிறகே வாங்க வேண்டும் என்பதுதான் இந்தச் செய்முறை முழுவதற்கும் அடிப்படை.

தொடங்குமுன்

பிஸ்டல் உங்கள் பெயரில் முறையான உரிமம் பெற்றதாக இருக்க வேண்டும். ஆயுதத்தின் பாகங்களை மாற்றுவது பற்றிய சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடுவதால், உரிமத்தின் நிபந்தனைகளைப் படித்து, ஐயம் இருந்தால் உரிமம் வழங்கிய அலுவலகத்திலேயே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

மேகசினை (தோட்டாக்கள் அடங்கிய பெட்டியை) முதலில் கழற்றுங்கள். அதற்குப் பிறகே ஸ்லைடை (பிஸ்டலின் மேற்புறத்தில் முன்னும் பின்னும் நகரும் பாகத்தை) முழுவதுமாகப் பின்னுக்கு இழுத்துப் பூட்டி, சேம்பரை (தோட்டா சுடப்படும்போது அமர்ந்திருக்கும் அறையை) கண்ணால் பார்த்து, விரல் நுனியாலும் தொட்டுச் சோதியுங்கள். இந்த வரிசை மாறக் கூடாது. மேகசின் உள்ளே இருக்கும்போது ஸ்லைடை இழுத்து விட்டால் அடுத்த தோட்டா சேம்பருக்குள் ஏறிவிடும். வேலை செய்யும் அறையில் ஒரு தோட்டாகூட இருக்கக் கூடாது. பிறகு ஸ்லைடைத் தனியே பிரித்து, பேரலையும் (குழலையும்) ஸ்பிரிங்கையும் வெளியே எடுத்துவிடுங்கள். வேலை முழுவதும் வெறும் ஸ்லைடின் மீதுதான் நடக்கும்.

உங்கள் பிஸ்டலில் சைட் எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது?

இதை அறியாமல் கருவிகளையோ சைட்டையோ வாங்கக் கூடாது. பின் சைட் பெரும்பாலான பிஸ்டல்களில் டவ்டெயில் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். அதாவது, ஸ்லைடின் குறுக்கே, அடியில் அகன்றும் மேலே குறுகியும் வெட்டப்பட்ட பள்ளத்தில், அதே வடிவிலான அடிப்பாகம் இறுக்கமாகச் செருகப்பட்டிருக்கும்.

முன் சைட்டில்தான் வேறுபாடுகள் அதிகம். கிளாக் பிஸ்டல்களில் அது ஸ்லைடின் உட்புறமிருந்து முடுக்கப்படும் ஒரு சிறிய அறுகோணத் திருகால் பிடித்து வைக்கப்பட்டிருக்கிறது. சிஸட் 75 வகையில் ஒரு சிறிய ஊசி அதைத் தாங்குகிறது. பழைய எம்1911 வகையில் முன் சைட்டின் கால் ஸ்லைடில் உள்ள துளை வழியே இறங்கி, உள்ளே ரிவெட் போல அடித்து விரிக்கப்பட்டிருக்கும். அதற்குத் தனிக் கருவியும் பழகிய கையும் தேவைப்படுவதால், தொடக்கநிலையாளர்கள் அந்த வேலையைத் தேர்ந்த ஆர்மரரிடம் (ஆயுதம் பழுதுபார்ப்பவரிடம்) கொடுத்துவிடுவதே நல்லது. அமெரிக்க ராணுவம் 1985இல் எம்9 என்ற பெயரில் ஏற்ற பெரெட்டா பிஸ்டலில் முன் சைட் ஸ்லைடோடு ஒரே உலோகமாகக் கடைந்தெடுக்கப்பட்டது. அதைக் கழற்றவே முடியாது. இயந்திரத்தில் சீவி எடுத்துப் புதுப் பள்ளம் வெட்டினால்தான் வேறு சைட் வைக்கலாம். பின்னர் வந்த எம்9ஏ3 வடிவத்தில் முன் சைட்டுக்கும் டவ்டெயில் வந்துவிட்டது. 2017இல் எம்9க்குப் பதிலாகத் தேர்வான சிக் சாவர் எம்17இல் பின் சைட் ஒரு தகட்டின் மேல் அமர்ந்திருக்கிறது; ரெட் டாட் (கண்ணாடியில் ஒளிப்புள்ளியைக் காட்டிக் குறிபார்க்க உதவும் மின்கருவி) பொருத்த அந்தத் தகட்டைக் கழற்றினால் பின் சைட்டும் அதோடு போய்விடும்.

இன்னொரு எச்சரிக்கை உண்டு. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் எம்&பி போன்ற சில பிஸ்டல்களில், சுடுமுள்ளை (தோட்டாவின் அடியில் தட்டிச் சுடவைக்கும் ஊசியை) தடுக்கும் பாதுகாப்புப் பாகத்தின் ஸ்பிரிங் பின் சைட்டுக்கு நேர் கீழே இருக்கிறது. சைட் நகர்ந்ததும் அந்த ஸ்பிரிங் துள்ளி வெளியேறும். அது இல்லாமல் பிஸ்டலைப் பூட்டிவிட்டால் பாதுகாப்பு ஏற்பாடே செயல்படாமல் போகும். உங்கள் மாடலின் கையேட்டில் உள்ள உதிரிபாக வரைபடத்தைப் பார்க்காமல் பின் சைட்டைத் தொடாதீர்கள்.

பழைய சைட்டோடு சுட்டு அளத்தல்

கழற்றுவதற்கு முன் ஒருமுறை சுடுதளத்துக்குச் செல்லுங்கள். கைகளை மணல் மூட்டை மீது ஊன்றி, நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தப்போகும் தோட்டாவைக் கொண்டு, ஐந்து ஐந்து குண்டுகளாக மூன்று இலக்குத் தாள்களில் சுடுங்கள். ஒவ்வொரு தாளிலும் குண்டுத் துளைகளின் நடுப்புள்ளியைக் குறித்து, நீங்கள் குறிவைத்த புள்ளியிலிருந்து அது எவ்வளவு மேலே அல்லது கீழே, எவ்வளவு இடப்புறம் அல்லது வலப்புறம் விலகியிருக்கிறது என்று அளந்து, மூன்று தாள்களின் சராசரியை எடுத்துக்கொள்ளுங்கள். துளைகள் தாளெங்கும் சிதறிக் கிடந்தால் அது சைட்டின் குறை அன்று. விசையை இழுக்கும் பழக்கத்தைத் திருத்திக்கொண்ட பிறகே மேற்கொண்டு செல்ல வேண்டும்.

குறிவைக்கும் முறையையும் கவனியுங்கள். சில பிஸ்டல்கள், முன் சைட்டின் உச்சி இலக்கின் நடுவைத் தொடும்படி பிடித்தால் சரியாகப் படும்படி அமைக்கப்பட்டவை. வேறு சில, வட்டத்தின் அடி விளிம்பில் சைட்டின் உச்சியை வைத்தால் நடுவில் படும். முறையை மாற்றிப் பிடித்துவிட்டு, குண்டு மேலே போகிறது என்று புதுச் சைட் வாங்குவோர் பலர்.

கணக்கு எளியது. விலகலை இரு சைட்டுகளுக்கும் இடையிலான தூரத்தால் பெருக்கி, சுடும் தொலைவால் வகுக்க வேண்டும். மூன்றும் மில்லிமீட்டரில் இருக்கட்டும். 25 மீட்டரில் குண்டு 100 மி.மீ. மேலே படுகிறது, சைட்டுகளுக்கு இடையே 165 மி.மீ. என்றால், 100 × 165 ÷ 25000 = 0.66 மி.மீ. குண்டைக் கீழே இறக்க முன் சைட் உயர வேண்டும். எனவே இப்போதுள்ளதைவிட 0.66 மி.மீ. உயரமான முன் சைட் வேண்டும், அல்லது பின் சைட் அதே அளவு தாழ வேண்டும். பின் சைட்டை, குண்டு எந்தப் பக்கம் செல்ல வேண்டுமோ அந்தப் பக்கம் நகர்த்த வேண்டும். முன் சைட்டுக்கு நேர் எதிர்ப்பக்கம். இந்த ஒரு விதியை மனத்தில் பதித்துக்கொண்டால் போதும்.

எந்தச் சைட்?

கறுப்பு நிறத்தில் ஒளி எதிரொளிக்காமல் வரிவரியாகச் சீவிய சைட்டுகள் பகல் வெளிச்சத்தில் காகித இலக்கைச் சுடுவதற்கு மிகவும் ஏற்றவை. ஃபைபர் ஆப்டிக் இழை வைத்த முன் சைட் வெளியிலுள்ள ஒளியை வாங்கிச் சிவப்பாகவோ பச்சையாகவோ ஒளிரும். ஒளியே இல்லாத இடத்தில் அதனால் பயன் இல்லை, இழையும் ஒடியக்கூடியது. டிரிடியம் (கதிரியக்கம் உள்ள ஹைட்ரஜன் வகை) வைத்தவை இருட்டிலும் தாமாக ஒளிரும். டிரிடியத்தின் அரை ஆயுள் சுமார் 12.3 ஆண்டுகள் என்பதால், வாங்கிய பன்னிரண்டு ஆண்டுகளில் ஒளி பாதியாகக் குறைந்திருக்கும். பயன்படுத்திய சைட்டை வாங்குவோர் அதன் தயாரிப்பு ஆண்டைக் கேட்டறிவது அவசியம்.

முன் சைட்டின் பிளேடு, அதாவது நிமிர்ந்த தகட்டின் அகலத்துக்கும், அதை வைத்துப் பார்க்கும் பின் சைட்டின் வெட்டுக்கும் இடையே உள்ள இடைவெளிதான் என் கருத்தில் எல்லாவற்றையும்விட முக்கியமானது. கையை நீட்டிப் பார்க்கும்போது முன் பிளேடின் இருபுறமும் மெல்லிய ஒளிக்கீற்று சமமாகத் தெரிய வேண்டும். கீற்று மிகக் குறுகலாக இருந்தால் துல்லியம் கூடும், ஆனால் பிளேடைத் தேடிப் பிடிக்க நேரமாகும். அகலமாக இருந்தால் வேகம் கூடும், நடுவில் நிறுத்துவது கடினமாகும். 3.2 மி.மீ. அகல முன் பிளேடுக்கு 3.8 மி.மீ. வெட்டு என்பது பொதுப் பயன்பாட்டுக்கு நல்ல தொடக்கம். பின் சைட்டில் வெள்ளைப் புள்ளிகள் இல்லாமல் முன் சைட்டில் மட்டும் ஒளிப்புள்ளி இருப்பதையே நான் பரிந்துரைப்பேன், ஏனெனில் கண் முன் சைட்டிலேயே நிலைக்க வேண்டும்.

பழையதைக் கழற்றுதல்

தேவையான கருவிகள் சிலவே: வெர்னியர் காலிபர், தாடைகளில் நைலான் அல்லது தோல் வைத்த பெஞ்ச் வைஸ், பித்தளைப் பஞ்ச் (சுத்தியலால் அடித்துத் தள்ளும் கோல்), சிறு சுத்தியல், மெல்லிய முக்கோண அரம், நிரந்தர மார்க்கர் பேனா. திருகினால் அழுத்தித் தள்ளும் சைட் புஷர் என்ற கருவி கிடைத்தால் பஞ்சும் சுத்தியலும் வேண்டியதில்லை. டிரிடியம் சைட்டுகளுக்கு புஷரே பாதுகாப்பானது. உள்ளே இருப்பது மெல்லிய கண்ணாடிக் குழாய்.

முதலில் காலிபரால் பின் சைட்டின் விளிம்பிலிருந்து ஸ்லைடின் விளிம்புவரை இருபுறமும் அளந்து எழுதி வையுங்கள். பல தயாரிப்புகளில் சைட்டை, பின்னாலிருந்து பார்க்கும்போது, இடமிருந்து வலமாகத் தள்ளி எடுத்து, வலமிருந்து இடமாகச் செருக வேண்டும். எல்லா நிறுவனங்களும் இதைப் பின்பற்றுவதில்லை என்பதால் கையேடு சொல்வதே முடிவு. பின் சைட்டில் சிறிய பூட்டுத் திருகு இருந்தால் அதை முதலில் தளர்த்துங்கள். ஸ்லைடை வைஸில் அசையாமல் பிடித்து, பஞ்சைச் சைட்டின் அடிப்பாகத்தில், ஸ்லைடை ஒட்டினாற்போல் வைத்து அடிக்க வேண்டும். மேற்பகுதியில் அடித்தால் சைட் சாய்ந்து பள்ளத்தின் விளிம்பைக் கிழிக்கும். மெதுவாக நூறு அடி அடிப்பதைவிட, நேராக விழும் உறுதியான சில அடிகள் ஸ்லைடுக்கு நல்லவை.

புதியதைப் பொருத்துதல்

பள்ளத்தைத் தூரிகையால் துலக்கி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் எண்ணெய்ப் பசை போகத் துடையுங்கள். புதுச் சைட்டைக் கையால் செருகிப் பாருங்கள். அது பள்ளத்தின் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை கையழுத்தத்திலேயே சென்று நின்றால் பொருத்தம் சரி. தடையில்லாமல் முழுவதும் ஓடினால் அந்தச் சைட் தளர்வானது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நுழையவே மறுத்தால் அரம் எடுக்க வேண்டும்.

இங்கே பொறுமை வேண்டும். சைட்டின் அடிப்பாகம் முழுவதும் மார்க்கர் மையைப் பூசி, உலர்ந்ததும் பள்ளத்தில் அழுத்தி, வெளியே எடுத்துப் பாருங்கள். மை தேய்ந்து உலோகம் மின்னும் இடம்தான் இடிக்கும் இடம். அரத்தின் ஒரு பக்கத்தைப் பல் இல்லாமல் வழவழப்பாகத் தேய்த்து வைத்துக்கொண்டால், ஒரு பரப்பை அராவும்போது அடுத்த பரப்பு கெடாது. மின்னும் இடத்தில் இரண்டு மூன்று இழுப்பு, மீண்டும் மை, மீண்டும் செருகல். சைட்டை மட்டுமே அராவ வேண்டும், ஸ்லைடை ஒருபோதும் அராவக் கூடாது. சைட் கெட்டால் இன்னொன்று வாங்கலாம். பள்ளம் அகன்றுவிட்டால் ஸ்லைடையே மாற்ற நேரிடும்.

பாதிவரை சென்றதும், எழுதி வைத்த அளவுகளைப் பார்த்து புஷராலோ பஞ்சாலோ நடுவுக்குத் தள்ளுங்கள். முன் சைட் திருகு வகையாக இருந்தால், நடுத்தரப் பிடிப்புள்ள நீலத் த்ரெட்லாக்கர் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சிறு துளி போதும். சிவப்பு வகையைப் பிறகு சூடாக்காமல் கழற்ற முடியாது. திருகு மிகச் சிறியது, மிகையாக முடுக்கினால் முறிந்துவிடும். ஸ்லைடின் மேலும் சைட்டின் மேலும் தொடரும்படி மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று இழுத்து வையுங்கள். சைட் நகர்ந்தால் அந்தக் கோடு முறிந்து காட்டிக்கொடுக்கும்.

பூட்டிய பிறகு, தோட்டா இல்லாமல் ஸ்லைடைப் பலமுறை இழுத்து விட்டு, விசையும் பாதுகாப்புப் பூட்டும் முன்போலவே செயல்படுகின்றனவா என்று சோதியுங்கள். பின்னர் சுடுதளத்தில், முதலில் 7 மீட்டரிலும் பிறகு 25 மீட்டரிலும், முன்பு செய்ததுபோலவே ஊன்றிச் சுட்டு அளவுகளை ஒப்பிடுங்கள். 25 மீட்டரில் குண்டு 60 மி.மீ. இடப்புறம் படுகிறது என்றால், முன் கூறிய கணக்கின்படி பின் சைட்டை 0.4 மி.மீ. வலப்புறம் தள்ள வேண்டும். கண்ணளவில் தள்ளாமல் காலிபரால் அளந்தே தள்ளுங்கள்.

ரெட் டாட் பொருத்துவதானால்

ஸ்லைடின் மேல் அதற்கான தளம் ஏற்கெனவே வெட்டப்பட்டிருந்தால் மட்டுமே தொடக்கநிலையாளர்கள் இதைத் தாமே செய்யலாம். ரெட் டாட் நிறுவனங்கள் பலவும் வெவ்வேறு அடித்தள அளவுகளைப் பின்பற்றுவதால், உங்கள் ஸ்லைடுக்கு உரிய இடைத்தகடு எது என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். திருகின் நீளம் மிக முக்கியம். சில மாடல்களில் திருகுத் துளைக்கு நேர் கீழே எக்ஸ்ட்ராக்டரின் (சுட்ட தோட்டாவின் கூட்டை இழுத்து வெளியேற்றும் கொக்கியின்) ஸ்பிரிங் செல்லும் வழி இருக்கிறது. திருகு அரை மில்லிமீட்டர் நீண்டாலும் அதை அழுத்தி, வெற்றுத் தோட்டாக் கூடு வெளியேறாமல் சிக்கிக்கொள்ளும். ஒவ்வொரு திருகையும் முடுக்கிய பின் எக்ஸ்ட்ராக்டரை விரலால் அசைத்துப் பாருங்கள். முடுக்கும் இறுக்கத்தை நிறுவனம் தந்த அளவுப்படி டார்க் ஸ்க்ரூடிரைவரால் (முறுக்கின் அளவைக் கட்டுப்படுத்தும் திருப்புளியால்) வையுங்கள்.

ரெட் டாட்டின் கண்ணாடி வழியாகவும் தெரியும் உயரமான சைட்டுகளைக் கூடவே வைப்பது நல்லது. பேட்டரி தீர்ந்தாலும் குறிபார்க்க வழி இருக்கும். புள்ளியை நகர்த்தும் திருகு ஒரு சொடுக்குக்கு 1 எம்ஓஏ (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) என்றால், 25 மீட்டரில் குண்டு 7.3 மி.மீ. நகரும், 60 மி.மீ. விலகலைச் சரிசெய்ய எட்டுச் சொடுக்குகள். முதல் இருநூறு குண்டுகளுக்குப் பிறகு வெள்ளைக் கோடுகளையும் திருகுகளையும் மீண்டும் ஒருமுறை பார்த்து, எதுவும் நகரவில்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.