புடாபெஸ்டில் எந்த வெந்நீர்க் குளியலகம்? கிழமையைப் பாருங்கள்

தம்பதியாக புடாபெஸ்ட் போகிறீர்களா? குளியலகத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் கிழமையைப் பாருங்கள். வார நாள் என்றால் செசெனி, சனி ஞாயிறு என்றால் ருடாஷ்.

காரணம் இதுதான். ருடாஷில் 16ஆம் நூற்றாண்டில் துருக்கியர் கட்டிய குவிமாடத்தின் அடியில் எண்கோணக் குளம் இருக்கிறது. அந்தப் பகுதி வார நாட்களில் பெரும்பாலும் ஆண்களுக்கு, செவ்வாய் பெண்களுக்கு. வார இறுதியில் இருபாலரும் சேர்ந்தே போகலாம். 1913இல் திறந்த செசெனியில் எல்லா நாளும் சேர்ந்தே குளிக்கலாம். வார நாளில் அங்கே நுழைவுச்சீட்டும் சற்று மலிவு, கூட்டமும் குறைவு. குளிர்காலம் என்றால் யோசிக்கவே வேண்டாம், செசெனியின் ஆவி பறக்கும் திறந்தவெளிக் குளத்துக்கு ஈடே இல்லை.

தனியாகப் போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவரவருக்குரிய வார நாளில் ருடாஷ் போவதே அமைதி. சின்னக் குழந்தைகளோடு போனாலும் உதவாது, வயதுக் கட்டுப்பாடு உண்டு. அப்புறம், பழைய பயணக் குறிப்புகளை நம்பி கெல்லேர்ட் குளியலகத்துக்குப் போய் நிற்காதீர்கள். 2025 அக்டோபரிலிருந்து புதுப்பிப்புக்காக மூடியிருக்கிறார்கள்.