நன்கொடைப் படிவத்தில் தொகையைச் சரிபார்க்கும் முறை

கிளிநொச்சிப் பள்ளிக்கூடங்களுக்கு நான் செய்யும் நன்கொடைப் படிவங்களை நிரப்புகிறவையில் பலர் ஜேர்மனியிலும் பிரான்சிலும் இருக்கினம். ஜேர்மனியில் 1.250,50 என்று அடிப்பினம்: புள்ளி ஆயிரத்துக்கு, காற்புள்ளி தசமத்துக்கு. பிரான்சில் ஆயிரத்துக்கு இடைவெளி விடுவினம்.

HTML-இல் தொகைப் பெட்டியை 'நம்பர்' (number) வகையாக வைக்காதேங்கோ. உலாவி ஏற்காததை அடிச்சால் வெற்று மதிப்புத்தான் உங்களுக்கு வரும். 'டெக்ஸ்ட்' (text) வகையும், கைபேசியில் எண் விசைப்பலகையைக் காட்டச் சொல்லும் 'டெசிமல்' இன்புட்மோடும் (inputmode) போதும். நாட்டைத் தெரிவுசெய்ய விடுங்கோ. அந்த நாட்டின் ஆயிரக்குறியையும் தசமக்குறியையும் ஜாவாஸ்கிரிப்டின் நம்பர்ஃபார்மட்டில் (Intl.NumberFormat) இருக்கிற ஃபார்மட்டுபார்ட்ஸ் (formatToParts) தரும். ஆயிரக்குறியை நீக்கி, தசமக்குறியைப் புள்ளியாக்குங்கோ. அது தரும் பிரெஞ்சு இடைவெளி சாதாரண ஸ்பேஸ் இல்லை, ஆட்கள் அடிக்கிற சாதாரண ஸ்பேஸையும் சேர்த்து நீக்கவேணும்.

எனக்குப் பயம் 1.250 தான். ஜேர்மனியில் அது ஆயிரத்து இருநூற்றைம்பது, எங்கட ஊரில் ஒன்றேகால். காசு விசயத்தில் ஊகிக்கவே கூடாது: விளங்கின தொகையை எழுத்தில் காட்டி, "ஓம்" அழுத்தின பிறகு அனுப்புங்கோ. சேர்வரிலும் திரும்பச் சரிபாருங்கோ.