நீலகிரியில் குடியேற இடம் தேர்ந்தெடுப்பது எப்படி

பணி ஓய்வுக்குப் பிறகோ, வீட்டிலிருந்தே வேலை செய்ய முடிகிறது என்பதாலோ நீலகிரிக்குக் குடிபெயர நினைப்பவர்களில் பலர், ஏப்ரல் மே மாதங்களில் சீசனுக்கு வந்து பார்த்துவிட்டு அந்த நினைவிலேயே வீடு தேடத் தொடங்குகிறார்கள். ஓர் இடத்தை எடைபோட அதைவிடப் பொருத்தமற்ற காலம் கிடையாது. அப்போது எல்லாச் சரிவும் நல்ல சரிவாகவே தெரியும். மழையும் பனியும் வந்த பிறகுதான் ஒரு தெருவுக்கும் அடுத்த தெருவுக்கும் உள்ள வேறுபாடு புலப்படும். ஆகவே உதகையா, குன்னூரா, கோத்தகிரியா என்று ஊர்ப் பெயரை வைத்து முடிவெடுப்பதற்கு முன், வீடு எந்தச் சரிவில் நிற்கிறது, அந்தச் சரிவு எந்தத் திசையை நோக்கியது, எந்தப் பருவமழை அதைத் தாக்கும், அங்கிருந்து சமவெளிக்கு இறங்க எத்தனை சாலைகள் உண்டு என்பவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

உயரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உதகை ஏறத்தாழ 2,240 மீட்டர், குன்னூர் சுமார் 1,850 மீட்டர், கோத்தகிரியும் ஏறக்குறைய குன்னூரின் உயரமே. கூடலூர் 1,000 மீட்டரைச் சற்றே தாண்டியது. ஆயிரம் மீட்டர் ஏறும்போது வெப்பநிலை சுமார் 6 டிகிரி குறையும் என்பதால், கூடலூரின் தட்பவெப்பத்தையும் உதகையின் தட்பவெப்பத்தையும் ஒரே மாவட்டத்துக்குரியவை என்று சேர்த்துப் பேச முடியாது. மூச்சுக்கோளாறோ இதயநோயோ உள்ள பெரியவர்களை அழைத்து வருபவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே உதகையின் உயரத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். அத்தகைய குடும்பங்களுக்குக் குன்னூர், கோத்தகிரி உயரமே ஏற்றது என்பது என் கருத்து.

மழைதான் இம்மாவட்டத்தை இரண்டாகப் பிரிக்கிறது. மேற்கே கூடலூர், பந்தலூர், தேவாலா, நடுவட்டம், அவலாஞ்சி ஆகிய பகுதிகள் ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவமழையை நேராக எதிர்கொள்கின்றன. தேவாலா தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை பதிவாயிற்று. கிழக்கே குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் அக்டோபர், நவம்பர், டிசம்பர் மாதங்களில் வரும் வடகிழக்குப் பருவமழையே பெருமழை. 2009 நவம்பரில் கேத்தி, குன்னூர், கோத்தகிரி பகுதிகளில் பெய்த மழையில் ஏற்பட்ட மண்சரிவுகளில் 40 பேருக்கு மேல் உயிரிழந்ததை மலைவாசிகள் யாரும் மறக்கவில்லை. உதகை இவ்விரண்டுக்கும் நடுவில் இருந்து இரண்டு மழையிலும் பங்கு பெறுகிறது. மசினகுடியை உள்ளடக்கிய சீகூர் பீடபூமியோ மழைமறைவில் கிடப்பதால் வறண்ட நிலம். இதனால் வீடு பார்க்க வரும் மாதம் இடத்துக்கு இடம் மாறும்: மேற்குப் பகுதியில் இடம் தேடுபவர்கள் ஜூலையிலும், குன்னூர் கோத்தகிரிப் பக்கம் தேடுபவர்கள் நவம்பரிலும் வந்து, ஒரு வாரமாவது தங்கி, சுவர் எங்கே நனைகிறது, சாலை எப்போது மூடப்படுகிறது, மின்சாரம் எத்தனை மணி நேரம் நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

உதகையைப் பார்க்க டிசம்பர் கடைசியோ ஜனவரியோ சரியான காலம். நவம்பரில் நீர்ப்பனி விழத் தொடங்கி, மழை ஓய்ந்து வானம் தெளிந்ததும் அது உறைபனியாக மாறும். குளிர்ந்த காற்று கனமானது என்பதால் இரவில் சரிவுகளிலிருந்து வழிந்து பள்ளங்களில் தேங்குகிறது. தலைக்குந்தா, காந்தல் போன்ற தாழ்ந்த இடங்களில் புல்வெளி வெண்மையாகும் அதே காலையில், அவற்றுக்கு மேலே சரிவின் நடுவில் இருக்கும் வீடுகளில் உறைபனியே இல்லாமல் இருப்பதைக் காணலாம். பள்ளத்தாக்கின் அடியில் வீடு வாங்குபவர் குளிரோடு சதுப்பையும் சேர்த்து வாங்குகிறார். இந்தப் பள்ளங்களில் பல முன்பு சதுப்பு நிலமாக இருந்து மண் கொட்டி மேடாக்கப்பட்டவை, மழைநீர் இயல்பாகவே அங்கே வந்து சேரும். உதகையில் கோடப்பமந்து கால்வாயை ஒட்டிய தாழ்ந்த பகுதிகளில் கனமழையின்போது நீர் புகுவது செய்தித்தாள்களில் அடிக்கடி வருவதுதான். மறுபுறம், மலையின் உச்சி விளிம்பில் காட்சிக்காகவே கட்டப்பட்ட வீடுகள் ஜூன், ஜூலைக் காற்றை நாள் முழுவதும் வாங்கிக்கொண்டு நிற்கும்.

வெயிலின் திசையைப் பலர் கவனிப்பதே இல்லை. குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து செல்வதால், வடக்கு நோக்கிய செங்குத்துச் சரிவில் இருக்கும் வீட்டுக்கு அந்த மாதங்களில் வெயில் மிகக் குறைவு; கிழக்கும் தென்கிழக்கும் நோக்கிய சரிவுகளில் காலை ஏழு, எட்டு மணிக்கே வெயில் விழும். நீலகிரியின் பழங்குடிமக்களான படகர்களின் பழைய ஹட்டிகளை, அதாவது ஊர்களைப் பார்த்தால், பள்ளத்தின் அடியை விட்டு மேலேறி, மென்மையான சரிவிலோ சிறு குன்றின் மேலோ வரிசையாக வீடுகள் அமைந்திருப்பது தெரியும். தலைமுறைகளாக மலையில் வாழ்ந்தவர்கள் வீடு கட்டிய இடத்தைப் பார்த்து, அதே சரிவில் அதே உயரத்தில் தேடத் தொடங்குவது எந்த வழிகாட்டியையும்விட நம்பகமானது. சமவெளியின் வாஸ்துக் கணக்கை மலைக்குக் கொண்டுவந்து, வடக்கு வாசலுக்காக வெயிலை விட்டுக்கொடுப்பவர்களை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

சரிவின் உறுதியே எல்லாவற்றையும்விட முக்கியம். மற்ற குறைகளோடு வாழ்ந்துவிடலாம், இதோடு முடியாது. நீலகிரியின் பல சரிவுகளில் பாறைக்கு மேல் ஆழமான செம்மண் படிந்திருக்கிறது. அதைச் செங்குத்தாக வெட்டித் தளம் அமைத்து, வெட்டிய மண்ணையே முன்புறம் கொட்டி நிரப்பி, வெட்டிய தரையில் பாதியும் நிரப்பிய தரையில் பாதியுமாக வீடு கட்டுவது பரவலாகிவிட்டது. பெருமழையில் நிரப்பிய பாதி அமிழும், பின்னால் வெட்டிய மண்சுவர் சரியும். பார்க்கப் போகும்போது வீட்டின் பின்பக்கம் சென்று, வெட்டிய சுவருக்கும் வீட்டுக்கும் எவ்வளவு இடைவெளி இருக்கிறது, தடுப்புச் சுவரில் நீர் வெளியேறத் துளைகள் விடப்பட்டுள்ளனவா, அவற்றில் மழைக்காலத்தில் உண்மையிலேயே நீர் வருகிறதா என்று பாருங்கள். துளையில்லாத தடுப்புச் சுவர் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் அதன் பின்னால் நீர் தேங்கிச் சுவரையே தள்ளும். சரிவில் மரங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்திருப்பது, தரையில் பிறை வடிவில் விரிசல் ஓடுவது, கதவுகள் சட்டத்தில் பொருந்தாமல் போவது, புதிதாக ஊற்று கிளம்புவது ஆகியவை மண் நகர்வதன் அடையாளங்கள். மாவட்ட நிர்வாகம் மழைக்கால ஆபத்துள்ளவையாக 283 இடங்களை அடையாளம் கண்டு வைத்திருக்கிறது. நீங்கள் பார்க்கும் இடம் அவற்றில் உண்டா என்று கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியர் அலுவலகத்திலோ கேட்டறிவது எளிது. வீட்டுக்கு மேலே யார் நிலம், அங்கே புதிதாக மண் வெட்டுகிறார்களா, மேல்வீட்டுக் கழிவுநீரும் கூரைநீரும் எங்கே போகின்றன என்பதையும் பார்க்க வேண்டும். மலையில் மேலே இருப்பவரின் அலட்சியம் கீழே இருப்பவரின் இழப்பாகிறது.

மரங்களையும் நிமிர்ந்து பாருங்கள். வயதான கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகை மரமும் (வாட்டில்) தென்மேற்குக் காற்றில் வேரோடு சாய்வது இங்கே ஆண்டுதோறும் நடப்பது. வாங்கிய பிறகு வெட்டிவிடலாம் என்று எண்ண வேண்டாம். 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சொந்த நிலத்து மரத்தை வெட்டவும் அனுமதி வேண்டும்.

அடுத்தது பாதை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாகவும் கோத்தகிரி வழியாகவும் இரண்டு மலைப்பாதைகள் ஏறுகின்றன. மண்சரிவால் ஒன்று அடைபட்டாலும் மற்றொன்று பெரும்பாலும் திறந்திருக்கும். அதனால் இவ்விரண்டையும் எளிதில் எட்டக்கூடிய இடம் பாதுகாப்பானது. மலை ரயில் அழகானதுதான், ஆனால் வடகிழக்குப் பருவமழையில் தண்டவாளத்தில் மண் விழுந்து பல நாட்கள் நிற்கும் என்பதால் அதை நம்பி அன்றாடப் பயணத்தைத் திட்டமிட முடியாது. உதகையிலிருந்து கூடலூர் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். கூடலூர்க்காரர் மைசூருக்குப் போவதானால் பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடப்பட்டிருப்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும். சீசன் நாட்களில் குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்கும் ஒருவழிப் போக்குவரத்து நடைமுறைக்கு வருவதுண்டு. 2024 மே 7 முதல் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயம்; டி.என். 43 பதிவெண் உள்ள உள்ளூர் வாகனங்களுக்கு விலக்கு உண்டு என்பதால், குடிவந்தவர்கள் வாகனப் பதிவை மாற்றும் வேலையை ஒத்திப்போடாமல் இருப்பது நல்லது.

பாதையைப் பற்றிப் பேசும்போது மருத்துவமனையை ஒதுக்க முடியாது. உதகையில் அரசு மருத்துவக் கல்லூரியின் 700 படுக்கை மருத்துவமனை 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட பிறகு நிலைமை முன்பைவிட மேம்பட்டிருக்கிறது. ஆயினும் சிறப்புச் சிகிச்சை பலவற்றுக்கு இன்னும் கோயம்புத்தூருக்கே இறங்க வேண்டியிருக்கிறது. பந்தலூர்ப் பக்கத்தவர்கள் கேரளத்தின் சுல்தான் பத்தேரிக்குச் செல்வதும் உண்டு. நள்ளிரவில், மழையில், ஆம்புலன்ஸ் வீட்டு வாசல் வரை வருமா அல்லது நோயாளியை ஐம்பது படி தூக்கிச் செல்ல வேண்டுமா என்பதை வாடகைக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே நடந்து பாருங்கள். குன்னூரிலும் உதகையிலும் சாலையிலிருந்து படியிறங்கித்தான் போக வேண்டிய வீடுகள் ஏராளம். இளமையில் அது உடற்பயிற்சி. எழுபது வயதில் அப்படியல்ல.

மழை கொட்டும் மலையில் தண்ணீர்ப் பஞ்சம் எப்படி என்று புதியவர்கள் வியப்பார்கள். உதகைக்குப் பார்சன்ஸ் வேலியும், குன்னூருக்கு ரேலியா அணையும், கோத்தகிரிக்கு ஈளாடா தடுப்பணையும் முக்கிய நீராதாரங்கள். பிப்ரவரி முதல் மே வரை நீர்மட்டம் இறங்கும்போது குழாய்த் தண்ணீர் விடும் இடைவெளி நீளும், குன்னூரில் குறிப்பாக. எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது என்று வீட்டுக்காரரிடம் கேட்காமல் பக்கத்து வீட்டில் கேளுங்கள்.

விலங்குகளைப் பொறுத்தவரை, எந்தப் பகுதியில் எது வரும் என்பது ஓரளவு நிலையானது. கோத்தகிரி, குன்னூர்த் தேயிலைத் தோட்டங்களில் காட்டெருமையும் கரடியும் சிறுத்தையும் சாதாரணம். கோயில் விளக்குக்கு ஊற்றும் எண்ணெய்க்காகக் கரடி கதவை உடைப்பது இங்கே வியப்புச் செய்தி அல்ல. கூடலூர், பந்தலூர்ப் பக்கம் யானை. பலாமரம் நிற்கும் தோட்டத்தோடு வீடு கிடைத்தால், பழக்காலத்தில் யார் வருவார்கள் என்று அக்கம்பக்கத்தில் விசாரிப்பது அவசியம். நாய் வளர்ப்பவர்கள் இரவில் அதை வீட்டுக்குள் கட்ட வேண்டியிருக்கும்.

வீட்டின் உள்ளே பார்க்க வேண்டியது ஈரம். அலமாரியின் பின்புறம், கட்டிலுக்குப் பின்னால் உள்ள சுவர், மூலைகளின் மேற்பகுதி ஆகியவற்றில் பூஞ்சைக் கறை தெரிந்தால், புது வண்ணம் பூசி மறைத்திருந்தாலும் அது திரும்ப வரும். பழைய கணப்பு இருந்தால் புகைபோக்கி அடைபடாமல் இருக்கிறதா என்று சோதியுங்கள். குளிருக்காகக் கதவு சன்னலைச் சாத்திக்கொண்டு அறைக்குள் கரி மூட்டித் தூங்குவது உயிரையே பறிக்கும்.

விலைக்கு வாங்குவதானால் ஆவணங்கள் தனிக் கவனம் கேட்கின்றன. கூடலூர், பந்தலூர் வட்டங்களில் 1969ஆம் ஆண்டின் ஜென்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவுக்குள் வரும் நிலங்களின் உரிமை தீர்க்கப்படாமலே இழுத்துக்கொண்டிருக்கிறது. அத்தகைய நிலத்தில் கட்டிய பல வீடுகளுக்குப் பல ஆண்டுகள் மின் இணைப்புக்கூடக் கிடைக்காமல் இருந்தது. மலிவாகக் கிடைக்கிறது என்று சொல்லப்படும் கூடலூர் நிலத்தைப் பற்றி முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். சீகூர்ப் பகுதியில் யானை வழித்தடத்தை உச்சநீதிமன்றம் 2020 அக்டோபரில் உறுதிசெய்த பிறகு, மசினகுடியைச் சுற்றி வாங்குவதற்கு முன் புல எண்ணை வழித்தட வரைபடத்தோடு ஒப்பிடாமல் இருக்கவே கூடாது. பட்டா, வில்லங்கச் சான்று இரண்டும் சரியாக இருந்தாலும், மலைப்பகுதிக் கட்டட விதிகள் உயரத்தையும் பரப்பையும் கட்டுப்படுத்துவதால், காலி மனையை வாங்குபவர்கள் தாங்கள் நினைத்த வீட்டை அங்கே கட்ட முடியுமா என்பதை உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுவிட்டே முன்பணம் கொடுக்க வேண்டும்.

இவ்வளவையும் ஓரிரு பயணங்களில் அறிய முடியாது என்பதால், முதல் ஆண்டு வாடகைக்கு இருப்பதே சிறந்த வழி. இரண்டு மழையையும் ஒரு பனிக்காலத்தையும் கண்ட பிறகு வாங்கும் முடிவை எடுக்கலாம். வாடகை ஒப்பந்தத்தில் ஒன்றை மட்டும் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்: சீசனில் சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விட்டால் பல மடங்கு கிடைக்கும் என்பதால், ஏப்ரலில் வீட்டைக் காலிசெய்யச் சொல்லும் உரிமையாளர்களும் உண்டு. ஏப்ரல், மே இரு மாதங்களும் ஒப்பந்தத்துக்குள் அடங்கும் என்றும் அப்போது வாடகை உயராது என்றும் எழுத்தில் இருக்க வேண்டும்.